பத்து நாளைக்குக் கேட்ட ஹால்

"பத்து நாளைக்குத்தான் யோகா. எலெக்‌ஷன் முடிஞ்ச மறுநாளே எல்லாத்தையும் தூக்கிருவேன்."

"ஹாலு பூராவுமா?"

"கொடி, நோட்டீசு, ரெண்டு மேசை. அவ்வளவுதான் லா. அப்புறம் நீ என்ன கேட்டாலும் செய்யறேன். சத்தியமா."

"அப்ப அன்னிக்குக் கேக்குறேன்."

கல்யாணமாகி ஆறாவது நாள் நடந்த பேச்சு இது. சின்னையாவுக்கு இது மறந்தே போய்விட்டது. யோகேஸ்வரிக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. அன்று அவர் போட்டிருந்த பச்சைக் கம்பளிச் சட்டையின் முழங்கையில் நூல் பிரிந்து தொங்கியது உட்பட.

பத்து நாளில் தேர்தல் முடிந்தது. கட்சி ஜெயித்தது. மறுநாள் வெற்றி விழாவுக்காக இன்னும் நாற்பது நாற்காலிகள் வந்து இறங்கின. விழா முடிந்ததும் நன்றி தெரிவிக்கும் கூட்டம் வந்தது. அதற்குப் பிறகு அடுத்த தேர்தலுக்கு ஆயத்தமாகும் கூட்டம். ஆயத்தம் என்பது முடிகிற காரியம் அல்ல என்று கட்சியில் எல்லோருக்கும் தெரியும். இப்படியாக அந்தப் பத்து நாள் இருபத்தாறு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் மொத்தம் ஒரு ஹால், ஓர் அறை, சமையலுக்கு ஒரு குசினி. ஹாலின் வாசலுக்கு மேலே 'தேர்தல் நடவடிக்கை அறை' என்று பலகை தொங்கியது. உள்ளே கொடிக்கம்புகள், டி-சட்டை மூட்டைகள், எவரும் பிரிக்காத அறிக்கைக் கட்டுகள், ஒலிபெருக்கி, தொகுதி வரைபடம். கிழக்குச் சுவரில் சாமி மாடம் வைப்பதற்கு அடித்த ஆணியில் கட்சித் தலைவரின் படம் ஏறியது. அதற்குப் பின் மூன்று தலைவர்கள் மாறிவிட்டார்கள், ஆணி அதேதான். சாமி, அரிசித் தொட்டிக்குப் பக்கத்தில் குசினிக்குள் இருந்தது. குடும்பமும் அங்கேதான் இருந்தது. மகள் ஜெயாவுக்குத் தொட்டில் கட்டியது குசினி விட்டத்தில். அவள் பாடம் படித்தது அடுப்பு வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

யோகேஸ்வரி கேட்காமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. சின்னையா தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுபவர். தொழிற்சாலை வாசலில் அவரைவிடப் பத்து வயது சின்ன அலுவலகக் கிராணி அவரை ஒருமையில் கூப்பிடுவார். மாலையில் வீட்டுக்கு வந்து அந்த ஹாலுக்குள் கால் வைத்ததும் நாலு பேர் எழுந்து "வாங்க தலைவரே" என்பார்கள். அப்போது அவருடைய முதுகு நிமிர்வதை அவள் குசினிக் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள். அந்த நிமிர்வுக்காக ஒரு ஹாலைக் கொடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. கட்சிக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும். சம்பளமும் வாடகையும் தராமல் ஒருவரை இருபத்தாறு வருடம் வைத்திருக்க 'தலைவரே' என்ற ஒரு சொல் போதும்.

ஜெயாவுக்கு வரன் அமைந்தது. கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் சிங்காரத்தின் மகன் விமலன். இருவரும் ஜெயா வேலை செய்யும் தானா ராத்தா கிளினிக்கில் பார்த்துப் பழகி, வீட்டில் சொல்லி, வீட்டாரும் சரி என்ற நல்ல சம்பந்தம். விமலனின் அம்மா வடிவம்மாள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: அவர்கள் வழக்கப்படி நிச்சயத் தாம்பூலத் தட்டைப் பெண் வீட்டு ஹாலில், கிழக்குப் பார்த்து விளக்கேற்றி மாற்ற வேண்டும். மண்டபத்தில் மாற்றினால் அது வீட்டுக்கு வந்த சம்பந்தம் ஆகாது.

முதலில் குறித்த தேதியில் பொதுத்தேர்தல் வந்தது. தள்ளி வைத்தார்கள். இரண்டாவது தேதியில் கட்சிக் கிளையின் உட்தேர்தல் வந்தது. சின்னையாவை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. ஆனாலும் மூன்று வாரம் பிரசாரம் செய்ய வேண்டும் என்று தலைமையகம் சொல்லிவிட்டது. மறுபடி தள்ளி வைத்தார்கள். மூன்றாவது தேதி குறித்த வாரத்தில் நடப்பு நாடாளுமன்ற உறுப்பினர் காலமானார். உயிரோடு இருந்தபோது தோட்டத்துக்கு ஒரு தடவையும் வராதவர், இறந்துபோய் தோட்டத்துக்கு ஓர் இடைத்தேர்தலைக் கொண்டுவந்தார். தொகுதிக்கு அவர் கொண்டுவந்த ஒரே திட்டம் அதுதான்.

இந்த முறை வடிவம்மாள் போனில் கோபப்படவில்லை. "நாங்க ஞாயித்துக்கெழம பத்து மணிக்குத் தட்டோட வருவோம் சம்பந்தி. ஹாலு இருந்தா மாத்துவோம். இல்லன்னா அப்படியே திரும்பிருவோம். அதுக்கப்புறம் போன் பண்ண வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

வாக்களிப்பு அதற்கு அடுத்த சனிக்கிழமை. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஹாலைக் காலி செய்து தருவதாகச் சின்னையா வாக்குக் கொடுத்தார். மனதாரத்தான் கொடுத்தார்.

அந்த நேரத்தில்தான் தொகுதிச் செயலாளர் அல்போன்ஸ் போன் செய்தார்.

"தலைவரே, உங்க லிஸ்டு புது சிஸ்டத்துல ஏறமாட்டேங்குது."

"எல்லாம் சரியாத்தானே போட்டிருக்கேன்?"

"அதான் பிரச்சின. இருநூத்துப் பன்னெண்டு பேரும் வெள்ளை. கெலாபு கட்டத்துல சைபர் போட்டா செவப்பு லைட்டு எரியுது. ஒண்ணாவது போடுங்க."

கட்சி வாக்காளர்களை மூன்று நிறமாகப் பிரித்து வைத்திருந்தது. கட்சிக்குப் போடுபவர் வெள்ளை. எதிர்க்கட்சிக்குப் போடுபவர் கருப்பு. யாருக்குப் போடுவார் என்று தெரியாதவர் சாம்பல், மலாயில் கெலாபு. சின்னையா ஒவ்வொரு தேர்தலுக்கும் தோட்டத்தின் இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் வெள்ளையாகவே எழுதிக் கொடுத்து வந்தார். எண்ணும்போது நூற்று முப்பதுதான் வரும். மீதி எண்பத்திரண்டு ஓட்டும் எங்கே போயிற்று என்று ஆராய்ந்த தொகுதிக் குழு, வாக்களிப்பு நாளன்று மூடுபனி அதிகமாக இருந்ததே காரணம் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருந்தது.

சின்னையா பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாம்பல் என்று யாரை எழுதுவது? முதல் வீட்டுக்காரரை எழுதினால் கோயில் திருவிழாவில் சண்டைக்கு வருவார். இரண்டாவது வீட்டார் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்றாவது வீட்டுப் பையன் கட்சி சிபாரிசில் வேலைக்கு மனுப் போட்டு ஏழு வருடமாகக் காத்திருக்கிறான். அவன் பெயரில் சாம்பல் ஒட்டினால் எட்டாவது வருடம் காத்திருப்பதுகூட நின்றுபோகும். விரல் ஒவ்வொரு பெயராக இறங்கி வந்தது. எதை எழுதினாலும் கோபித்துக்கொள்ளாத ஒரே ஒரு வாக்காளர் பட்டியலில் இருந்தார். அவர் அப்போது பக்கத்தில் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனார்.

சின்னையா தன் மனைவியைச் சாம்பல் என்று எழுதினார். சிவப்பு விளக்கு அணைந்தது.

மறுநாள் காலை மகளிர் பிரிவுத் தலைவி சுபத்ரா ஏழு பெண்களோடு அந்த ஹாலில்தான் உட்கார்ந்து, யோகேஸ்வரி சுட்டுக் கொடுத்த வடையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய போன் கூவியது. 'அவசரம். சாம்பல் வாக்காளர். இன்றே நேரில் சந்திக்கவும்' என்று அதில் வந்திருந்தது. சுபத்ரா முகவரியை இரண்டு தடவை படித்தார்.

"பதினாலாம் லயம், மூணாம் நம்பர். எங்கயோ கேட்ட அட்ரஸா இருக்கே."

"இதுதாம்மா" என்றாள் யோகேஸ்வரி, சட்னிக் கிண்ணத்தை நீட்டியபடி.

சுபத்ரா கட்டுப்பாடான தொண்டர். வாக்காளரை வீட்டு வாசலில் சந்திக்க வேண்டும், கதவைத் தட்டும்போது ஒரு படம் எடுக்க வேண்டும், படத்தில் இடமும் நேரமும் பதிந்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஆகவே எட்டுப் பேரும் வடையை வைத்துவிட்டு வெளியே போனார்கள். செருப்பை மாட்டிக்கொண்டார்கள். திரும்பி நின்று கதவைத் தட்டினார்கள். யோகேஸ்வரி திறந்தாள். எட்டுப் பேரும் கைகூப்பினார்கள். படம் எடுக்கப்பட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அதே நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

"அக்கா, உங்க கோரிக்கை என்னா?" என்று சுபத்ரா, அதுவரை அவளிடம் பேசியே இராத குரலில் கேட்டார்.

யோகேஸ்வரி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள்.

"ஒண்ணும் சொல்ல வேணாங்கா. பொம்பளைங்க கஷ்டம் பொம்பளைக்குத் தெரியாதா" என்று சுபத்ரா போனில் இருந்த படிவத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் சரி போட்டார். பிறகு பரிசுக் கூடை வந்தது. கோலாலம்பூரில் ஒரு பெரிய கடையில் கட்டி, மலையேற்றிக் கொண்டுவந்த கூடை. அதில் ஒரு பாட்டில் ஸ்ட்ராபெரி ஜாம் இருந்தது. பக்கத்துக் கியா பார்மில் அந்தப் பழத்தை வாங்க ஆளில்லாமல் கூவி விற்கிறார்கள். கூடவே கால் கிலோ தேயிலைப் பொட்டலம். யோகேஸ்வரி பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவள் பதினெட்டு வருடம் கத்தரியால் கொழுந்து வெட்டிய அதே மலையின் தேயிலை. அதைக் கட்சி அவளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்து இன்னொரு படம் எடுத்துக்கொண்டது.

அதற்கு மறுநாள் கோலாலம்பூரிலிருந்து எட்ரியன் என்ற இளைஞர் மடிக்கணினியோடு வந்தார். சாம்பல் வாக்காளர்களின் மனத்தை ஆராய்வதற்குப் படித்தவர். குளிர் தாங்காமல் இரண்டு ஜாக்கெட் போட்டிருந்தார்.

"அன்ட்டி, நீங்க ஏன் கெலாபு?"

"எனக்குத் தெரியாது தம்பி. அவருதான் எழுதினாரு."

எட்ரியன் வெகு நேரம் தட்டினார். மாலையில் அவருடைய அறிக்கை தலைமையகத்துக்குப் போயிற்று. அல்போன்ஸ் அதை ஹாலில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். தோட்டத்துச் சாம்பல் வாக்காளர்களில் நூற்றுக்கு நூறு பேர் பெண்கள். நூற்றுக்கு நூறு பேர் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் ஒருவர் விடாமல் அனைவரும் கட்சிக் கிளைத் தலைவரின் மனைவியர். ஆகவே கட்சியின் பெரும் பலவீனம் கிளைத் தலைவர்களின் மனைவியரே என்பது அறிவியல் முறைப்படி நிறுவப்படுகிறது. தொகுதியிலுள்ள முப்பத்தேழு கிளைத் தலைவர்களும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தத்தம் மனைவியிடம் வாக்குச் சேகரித்து அறிக்கை தர வேண்டும்.

ஹாலில் கைதட்டினார்கள். சின்னையாவும் தட்டினார். ஒரு சைபரை மறைக்க எழுதிய பொய் இத்தனை தூரம் நடந்துவிட்டதை அவர் யாரிடம் சொல்ல முடியும்?

வாக்குச் சேகரிக்க அச்சிட்ட அட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். அதில் உள்ளபடிதான் பேச வேண்டும். அன்று இரவு சின்னையா அட்டையோடு குசினிக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"வணக்கம் யோகேஸ்வரி. நான் சின்னையா. உங்க பகுதிக் கிளைத் தலைவர்."

யோகேஸ்வரி அவரையும் அட்டையையும் பார்த்தாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"உக்காந்துட்டீங்க. சரி. தேத்தண்ணி வேணுமா?"

"உங்க குடும்பத்துல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியந்தாங்க. வீட்டுக்காரரு கட்சில இருக்காரு. அவரப் பாக்குறதுதான் கஷ்டம்."

சின்னையா அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார். "வரப்போற தேர்தல்ல உங்க வாக்கு யாருக்குன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

யோகேஸ்வரி அடுப்பை அணைத்தாள்.

"இத்தன வருசத்துல நீங்க இத ஒரு தடவகூட என்கிட்ட கேட்டதில்லியே."

"கேக்க வேண்டியதில்லன்னு நெனச்சேன்."

"ம்."

அவ்வளவுதான் சொன்னாள். கரண்டியைக் கழுவி வைத்தாள். சின்னையா காத்திருந்தார். ஒவ்வொரு தேர்தலுக்கும் அவள் அவருக்கு முன்னால் வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு, பேசாமல் வீட்டுக்கு வந்து சோறு ஆக்குவாள். வாக்குச்சாவடித் திரைக்குப் பின்னால் அவள் நின்ற அரை நிமிடத்தில் என்ன செய்தாள் என்பது தனக்குத் தெரியாது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தோட்டம் முழுவதுக்கும் நிறம் எழுதிக் கொடுத்தவர் அவர். எழுதியவற்றில் உண்மையாக அமைந்தது அந்த ஒரே ஒரு சாம்பல்தானோ என்னவோ.

அட்டையின் கடைசி வரி இப்படி இருந்தது: 'வாக்காளர் மௌனமாக இருந்தால் நன்றி கூறி விடைபெறவும்.' கோரிக்கை என்ன என்ற கேள்வி அட்டையில் இல்லை. கோரிக்கை கேட்கும் உரிமை மேல்மட்டத்துக்கு மட்டும்தான். சின்னையா நன்றி கூறி, தன் சொந்தக் குசினியிலிருந்து விடைபெற்று ஹாலுக்குப் போனார்.

மற்ற முப்பத்தாறு கிளைகளிலும் விஷயம் இவ்வளவு அமைதியாக முடியவில்லை. ஒரு கிளைத் தலைவர் போனில் சின்னையாவைப் பிடித்து ஏசினார். அவர் அட்டையைப் பார்த்து வாசித்ததும் மனைவி பதில் சொல்ல ஆரம்பித்து மறுநாள் காலை வரை நிறுத்தவில்லையாம். ரிங்லெட்டில் இன்னொருவருடைய மனைவி, இனிமேல் யோசித்துச் சொல்கிறேன் என்று அக்கா வீட்டுக்குப் போய்விட்டாராம். மனைவியிடம் கேட்கவே பயந்த பதினோரு தலைவர்கள் தாங்களே சாம்பல் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். தலைமையகத்தில் சாம்பல் வாக்காளர் எண்ணிக்கையைக் காட்டும் கோடு ஏறிக்கொண்டே போனது.

இதற்குள் கூடை விஷயம் லயமெங்கும் பரவிவிட்டது. முப்பது வருடம் கட்சிக்கு விசுவாசமாக இருந்த வெள்ளைகளுக்குத் தீபாவளி வாழ்த்து அட்டைகூட வந்ததில்லை. ஒரு சாம்பலுக்கு எட்டுப் பேர் கைகூப்பி ஜாம் கொடுக்கிறார்கள். வியாழக்கிழமை காலை ஹால் வாசலில் வரிசை நின்றது. ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர், கட்சியின் மூத்த உறுப்பினர், உறுப்பினர் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருப்பவர், முதல் ஆளாக வந்து நின்றார்.

"தலைவரே, என்னையும் கெலாபு ஆக்கிருங்க. எனக்கும் கொஞ்ச நாளா யோசனையாத்தான் இருக்கு."

"என்ன யோசனை?"

"அத அவங்க கேட்டாச் சொல்றேன் லா."

சின்னையா முடியாது என்று சொல்லிப் பார்த்தார். அப்படியானால் கருப்பாகவே போய்விடுவதாகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைக்குள் தோட்டத்தில் எழுபத்து நான்கு சாம்பல். கட்சியின் கோட்டை புகைகிறது என்று தலைமையகம் அலறியது. டத்தோ என்ற பட்டம் பெற்ற திருச்செல்வம், கட்சியின் துணைத்தலைவர், தாமே நேரில் வந்து முதல் சாம்பல் வாக்காளரைச் சந்தித்து, அவருடைய கோரிக்கையைக் கேட்டு, அங்கேயே நிறைவேற்றி, அவரை வெள்ளையாக்கப் போவதாக அறிவித்தார். நாள் ஞாயிறு. நேரம் காலை பத்து. இடம் பதினாலாம் லயம், மூன்றாம் நம்பர் ஹால்.

சின்னையா அல்போன்ஸிடம் ஓடினார். அன்று மகளின் நிச்சயம், இரண்டு மணி நேரம் மட்டும் ஹால் வேண்டும், டத்தோ பன்னிரண்டு மணிக்கு வரக்கூடாதா என்று கேட்டார். இருபத்தாறு வருடத்தில் அவர் கட்சியிடம் கேட்ட முதல் உதவி அது. அல்போன்ஸ் நல்ல மனிதர். கஷ்டமான கேள்விக்கு உடனே விடை கண்டுபிடிப்பவர்.

"இதுல என்னா கவல தலைவரே? ரெண்டையும் ஒண்ணாச் செஞ்சிரலாம். தட்ட டத்தோவே மாத்துவாரு. எத்தன பேருக்குக் கெடைக்கும் இந்தக் குடுப்பன?"

சனிக்கிழமை பேனர் வந்தது. டத்தோவின் முகம் ஓர் ஆள் உயரத்துக்கு இருந்தது. அதற்குக் கீழே 'மக்களோடு ஒரு மங்கல நாள்' என்று எழுதியிருந்தது. ஜெயா, விமலன் என்ற பெயர்கள் அடியில், அச்சகத்தின் போன் நம்பருக்குப் பக்கத்தில் இருந்தன. விளக்கு வைக்கக் குறித்திருந்த கிழக்கு மூலையில் டத்தோவுக்கு உறை போட்ட நாற்காலி போட்டார்கள்.

ஜெயா கிளினிக் உடுப்போடு வந்து அதைப் பார்த்தாள். குசினிக்குள் வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, நீ கேட்டா அப்பா காலி பண்ணிருவாரு. ஏன் கேக்கவே மாட்ற?"

யோகேஸ்வரி வெற்றிலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"கேட்டு, முடியாதுன்னுட்டா?"

"சொல்லமாட்டாரும்மா."

"என்ன கேட்டாலும் செய்யறேன்னு எனக்குச் சத்தியம் பண்ணிருக்காரு. நான் கேக்காத வரைக்கும் அது அப்படியே இருக்கு ஜெயா. கேட்டப்புறம் இல்லாமப் போச்சுன்னா நான் எதை வச்சுக்கிட்டு இருக்கிறது?"

ஜெயா அம்மாவோடு உட்கார்ந்து வெற்றிலையைத் துடைத்தாள்.

ஞாயிறு காலை மலையில் பனி இறங்கியிருந்தது. பத்து மணிக்குச் சரியாகக் கோலா தெர்லா வண்டிகள் இரண்டு வந்து நின்றன. சிங்காரம், வடிவம்மாள், வேட்டி கட்டிய விமலன், பட்டுப் புடவையில் ஏழெட்டுப் பெண்கள், கையில் பதினோரு தட்டுகள். ஹாலுக்குள் கால் வைக்க இடமில்லை. கட்சிச் சட்டை போட்ட முப்பது பேரும், படம் எடுப்பவர்கள் நான்கு பேரும், எட்ரியனும் அவருடைய இரண்டு ஜாக்கெட்டும் உள்ளே இருந்தார்கள். பூவும் பழமும் வைத்த தட்டுகளோடு பெண் வீட்டு வாசலில் சம்பந்தி வீட்டார் நின்றார்கள். சாரல் விழுந்தது. சுபத்ரா ஓடிவந்து ஆளுக்கொரு கட்சிக்கொடி கொடுத்தார். வடிவம்மாள் அதை வாங்கித் தட்டில் தேங்காயின் மேல் போர்த்தினார்; நனையாமல் இருக்கட்டும் என்று.

பத்து நாற்பதுக்கு, "இன்னும் அஞ்சு நிமிசம் பாப்போம்" என்றார் மகனிடம். அது சின்னையாவின் காதில் விழுந்தது.

டத்தோ பத்தே முக்காலுக்கு வந்தார். வாசலில் நின்றவர்களையும் தம்மை வரவேற்க வந்தவர்கள் என்று எண்ணி ஒரு தட்டிலிருந்து ஆப்பிள் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாற்காலியில் அமர்ந்தார். எழுந்தார். ஒலிபெருக்கி வெளியே தேயிலைச் சரிவைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது.

"அன்பார்ந்த தோட்ட மக்களே. முப்பது வருசமா இந்தத் தோட்டத்துக்கு நாங்க ஒண்ணும் செய்யலன்னு சில பேர் சொல்றாங்க. உண்மைதான். நான் மறைக்க மாட்டேன். ஏன் செய்யல? நம்பிக்கை. விருந்தாளிக்குத்தான் முதல்ல சோறு போடுவோம். வீட்டு ஆளு காத்திருப்பாங்க. நீங்க எங்க வீட்டு ஆளு. இன்னும் முப்பது வருசம் காத்திருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்."

கைதட்டல் எழுந்தது.

"எதிர்க்கட்சிக்காரன் வந்தா ரோடு போடுவேங்கிறான். ரோடு போட்டா என்ன ஆகும்? உங்க புள்ளைங்க அந்த ரோட்டுலயே பட்டணத்துக்குப் போயிருவாங்க. அப்புறம் இங்க யாரு ஓட்டுப் போடுறது? குடும்பம் சேந்து இருக்கணும்னு நெனைக்கிற கட்சி நம்ம கட்சி."

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். சின்னையா தட்டவில்லை. அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சிங்காரம் வண்டிக் கதவைத் திறந்துவிட்டார். பெண்கள் தட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே வைக்கத் தொடங்கியிருந்தார்கள். விமலன் மட்டும் அசையாமல், நனைந்தபடி, வாசலைப் பார்த்து நின்றான்.

"இந்தக் கெலாபுங்கிறது ஒரு வியாதி" என்று டத்தோ தொடர்ந்தார். "கேக்காம விட்டா பரவும். கேட்டுட்டா சரியாப் போயிரும். அதனால இந்தத் தாயோட கோரிக்கைய நானே கேக்கப் போறேன். கேட்டு, இங்கயே நிறைவேத்தப் போறேன். வாங்கம்மா."

யோகேஸ்வரியைக் குசினியிலிருந்து அழைத்து வந்தார்கள். அல்போன்ஸின் கையில் ஒரு பெரிய அட்டை தயாராக இருந்தது. 'உங்கள் கோரிக்கை நிறைவேறியது: சூரிய ஒளித் தெருவிளக்கு, ஒன்று' என்று அதில் அச்சாகியிருந்தது. டத்தோ அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறு முனையை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. படம் எடுப்பவர்கள் காத்திருந்தார்கள்.

"பயப்படாதீங்கம்மா. உங்களுக்கு என்ன வேணும்? எது வேணும்னாலும் கேளுங்க" என்று டத்தோ மைக்கை அவளுக்கு முன்னால் பிடித்தார். அல்போன்ஸ் அவள் காதருகில் "வெளக்குன்னு சொல்லுங்கக்கா" என்று முணுமுணுத்தார்.

யோகேஸ்வரி டத்தோவைப் பார்க்கவில்லை. முப்பது தலைகளுக்கு அப்பால், ஜன்னலோரம் நின்ற தன் கணவரைத்தான் பார்த்தாள். கொழுந்து லோரி ஓட்டும் மனிதர், கட்சிச் சட்டையில், முதுகு கூனி நின்றார். வெளியே ஒரு வண்டியின் இஞ்சின் கிளம்பும் சத்தம் கேட்டது.

சின்னையாவும் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவர் எங்கோ பார்த்திருக்கிறார். இதே ஹாலில், அப்போது இது காலியாக இருந்தது, அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு புதிதாக இருந்தது, அவர் எதையோ கேட்டார், அவள் எதையோ தள்ளிவைத்தாள். மறந்துபோனது என்று அவர் நினைத்திருந்தது ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது. அவர் டி-சட்டை மூட்டையைத் தள்ளிக்கொண்டு இரண்டு அடி முன்னால் வந்தார்.

"கேளு யோகா" என்றார். மைக் இல்லாமல், அட்டை இல்லாமல்.

யோகேஸ்வரி மைக்கை டத்தோவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவள் குரல் உயரவில்லை. ஆனால் ஒலிபெருக்கி அதை எடுத்துக்கொண்டுபோய் லயம் முழுவதிலும், பனிக்குள் இருந்த தேயிலைச் சரிவிலும், கிளம்பிய வண்டியின் மேலும் போட்டது.

"பத்து நாளு முடிஞ்சிருச்சுங்க. என் ஹாலை எனக்குத் திருப்பிக் குடுங்க."